நடிக்கிறாள் என்று ஒரு சான்றிதழ்

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பள்ளித் தாளாளர் அந்தச் சான்றிதழை மேசைமேல் வைத்து, சீட்டாட்டத்தில் கடைசித் துருப்பை இறக்குபவரைப் போல உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார்.

"அந்தப் பொண்ணு நடிக்குது. டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். நீங்க அதுக்கு ரெண்டு சாட்சி, நாலு போட்டோ சேர்த்துக் குடுத்தாப் போதும். சாயங்காலம் நாலு மணிக்குக் கல்வி அதிகாரி விசாரணைக்கு வர்றார்."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சான்றிதழைத் தொடவில்லை. வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவர். மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியின் தடிமனைப் பார்த்து ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பக்கத்து நாற்காலியில் அவருடைய உதவியாளன். நாற்பது வயது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாக விளம்பரம் சொல்லிப் பிழைத்தவன். வண்டியை விட்ட பிறகும் வாயை நிறுத்தாததால் ரேடியோ என்று பெயர். அவனை நிறுத்துகிற குமிழ் எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"சரியான்னு பாருங்க," என்றார் பூதக்கண்ணாடி. "பொண்ணுக்கு எட்டு வயசு. வியாழக்கிழமை மத்தியானம் மைதானத்துல விழுந்தா. அதுக்கப்புறம் எழுந்து நடக்கலை. பி.டி. மாஸ்டர் தள்ளிவிட்டார்னு அப்பா போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கார். நீங்க அவ நடிக்கிறாங்கறீங்க."

"நான் சொல்லலைங்க. டாக்டர் சொல்றார்."

"எதுக்கு நடிக்கணும்?"

"பரீட்சை வருதில்ல?"

ரேடியோவுக்குத் தாங்கவில்லை. "எட்டு வயசுல ரெண்டு நாளா அசையாம நடிக்குதுன்னா, அந்தப் பிள்ளைக்கு எதுக்கு சார் பரீட்சை? நேரா விருதே குடுத்துடலாமே."

தாளாளர் அவனை, தட்டில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பூதக்கண்ணாடி சான்றிதழை விரல்நுனியால் தன் பக்கம் திருப்பினார். பள்ளிக்கு ஆலோசகராக இருக்கும் பெரிய டாக்டர் எழுதியது. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டிபோலக் கோத்துக்கொண்டு போயின. கீழே நான்கே வரி: 'முழுமையாகப் பரிசோதித்தேன். கை, கால் மூட்டுகளைச் சுத்தியால் தட்டியதில் துடிப்பு இயல்பு. இரு உள்ளங்கால்களையும் சுரண்டிப் பார்த்ததில் இயல்பு. கவனத்தை ஈர்ப்பதற்கான நடிப்பு.'

"எவ்வளவு நேரம் பார்த்தார்?"

"அவர் ரொம்ப பிஸியான ஆளும்மா."

"நான் நேரத்தைக் கேட்டேன். நீங்க பெருமையைச் சொல்றீங்க." சான்றிதழை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அவளோட புத்தகப்பை எங்க இருக்கு?"

வியாழக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் பை வகுப்பிலேயே தங்கிவிட்டிருந்தது. வகுப்பாசிரியை அதை இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே, "சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைங்க. டைரியைப் பார்த்தீங்கன்னாத் தெரியும்," என்று ஒரு பாராட்டுரையும் சேர்த்தே கொடுத்தார்.

டைரி என்பது ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கும் குறிப்பேடு. ஆசிரியர்கள் குறை எழுதுவார்கள். வீட்டில் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொள்கிற தபால். சுமந்துகொண்டு போவது மட்டும் பிள்ளை.

காலியாக இருந்த வகுப்பறையில், முட்டி இடிக்கும் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து ரேடியோ அதை உரக்கப் படித்தான்.

"திங்கள். 'வரிசையில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாள். புது ஷூவைப் பாழாக்கும் அலட்சியம்.' கையெழுத்து, வகுப்பாசிரியை. கீழே அம்மா கையெழுத்து. செவ்வாய். 'மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறுகிறாள். மற்றவர்களுக்கு இடைஞ்சல்.' மறுபடி அம்மா. புதன், பாட்டு டீச்சர். 'தரையில் உட்கார்ந்தால் எழுவதில்லை. பக்கத்துப் பிள்ளையின் தோளைப் பிடித்து எழுகிறாள். பிடிவாதம்.' வியாழன் காலை, கணக்கு வாத்தியார். 'பென்சிலை நழுவவிட்டுக்கொண்டே இருக்கிறாள். எண்கள் கோணல். திமிர்.' அக்கா, பென்சில் நழுவினதுல இவருக்குத் திமிர் எங்க தெரிஞ்சுது? பென்சில்தானே திமிர் பண்ணுது?"

"அடுத்தது?"

"வியாழன் மத்தியானம், பி.டி. மாஸ்டர். 'ஓடச் சொன்னதற்குத் தானே விழுந்தாள். நடிப்பு.' அவ்வளவுதான். இதுல அம்மா கையெழுத்து இல்லை. பை வீட்டுக்குப் போகலையே."

பூதக்கண்ணாடி ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து அவனிடம் நீட்டினார். "இன்சூரன்ஸ்ல முதல் நாள் கத்துக் குடுத்த பாடம் இது. எந்தக் கடுதாசியை எடுத்தாலும் பாதி எழுதினவங்களோட அபிப்பிராயமாத்தான் இருக்கும். அதை மூடிட்டு மிச்சத்தைப் படி."

ரேடியோ தாளை வைத்து அலட்சியத்தை மூடினான். இடைஞ்சலை மூடினான். பிடிவாதம், திமிர், நடிப்பு, ஒவ்வொன்றாக மூடினான். மிச்சம் இருந்ததை மெதுவாகப் படித்தான். காலைத் தேய்க்கிறாள். படி ஏறக் கைப்பிடி. எழத் தோள். நழுவும் பென்சில்.

"என்னமோ மாதிரி இருக்கே அக்கா."

"மூணு வாரம் பின்னாடி புரட்டு."

அங்கே அம்மாவின் கடிதம் ஒட்டியிருந்தது. வயிற்றுப்போக்கினால் மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று. அதன் ஓரத்தில் சிவப்பு மசியில் ஒருவர், 'இதுவே வழக்கமாகிவிட்டது' என்று கிறுக்கியிருந்தார்.

"வயித்துப்போக்கு வழக்கமாகிடுச்சாமா?" என்றான் ரேடியோ. "இவங்களுக்கு எழுதுறதுதான் வழக்கமாகிடுச்சு."

பூதக்கண்ணாடி டைரியை வாங்கிப் பைக்குள் வைத்தார். "இதுல அடுத்த வரி இன்னும் யாரும் எழுதலை. அதை அவ வீட்டுல போய்த்தான் படிக்கணும். வண்டியை எடு."

வராந்தாவில் பி.டி. மாஸ்டர் வழிமறித்தார். கழுத்தில் விசில், முகத்தில் மூன்று நாள் தாடி. "அம்மா, நான் அந்தப் பிள்ளையைத் தொடவே இல்லைங்க! விழுந்துச்சு. எழுந்திரு எழுந்திருன்னு பத்து நிமிஷம் கத்தினேன். விசில்கூட அடிச்சேன்."

"யார் தூக்கினது?"

"அது... ஆயாம்மா வந்து தூக்குச்சு."

"தொடவே இல்லைங்கறீங்க," என்றார் பூதக்கண்ணாடி. "முழுசா நம்புறேன்."

மாஸ்டர் நன்றி சொன்னார். அதிலிருந்த குத்தல் அவருக்கு விளங்கவில்லை. ரேடியோவுக்கே வண்டியைக் கிளப்பும்போதுதான் விளங்கியது.

வீடு ஒரு மோட்டார் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷின், வெட்டிப்போட்ட துணி. அப்பா பட்டறை மெக்கானிக். கிரீஸ் கையோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்கூல் அனுப்பின ஆளா? உங்க தாளாளர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. நாலு மணிக்கு என் பொண்ணை இதே கோலத்துல தூக்கிட்டு வந்து அந்த அதிகாரி மேசை மேலயே உட்கார வைக்கிறேன். அப்ப தெரியும்."

"வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"விசாரணை முடியட்டும். இப்ப வைத்தியம் பண்ணிக் கால் சரியாயிட்டா, ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிடுவாங்க."

ரேடியோ தலையைச் சொறிந்துகொண்டான். காலையில் ஒருவர் குழந்தையைப் பொய்க்குச் சாட்சியாக்கப் பார்த்தார்; இவர் நிஜத்துக்குச் சாட்சியாக்கப் பார்க்கிறார். குழந்தையாக மட்டும் யாரும் பார்க்கக் காணோம்.

பூதக்கண்ணாடி அவருடைய கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டார். இருபது வருடம் மூடின கதவுகளுக்கு முன்னால் நின்றவர். கையெல்லாம் அவருக்குக் கதவே இல்லை.

வீட்டில் சில்லு என்று கூப்பிடும் அந்தப் பெண் கட்டிலில், மூன்று தலையணைகளுக்கு நடுவே நிறுத்திவைத்தாற்போல் இருந்தாள். கண் மட்டும் துறுதுறுவென்று ஓடியது. மற்றதெல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் அம்மா, கையில் தம்ளர்.

"நேத்து அந்த டாக்டர் மாமா என்னம்மா பண்ணார்?" பூதக்கண்ணாடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணுல டார்ச் அடிச்சார்." குரல் மெல்லியதாக, மூக்கு வழியாக வருவதுபோல் வந்தது. "எழுந்து நடந்தா சாக்லேட்னார். அப்புறம் அவருக்குப் போன் வந்துச்சு."

"முட்டியில சுத்தியால தட்டினாரா?"

"இல்ல."

"உள்ளங்கால்ல கூச்சம் காட்டினாரா?"

சில்லு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவே சொன்னாள்: "ஷூ போட்டுத்தானே கூட்டிட்டுப் போனோம். கால் நழுவுதுன்னு நான் ரெட்டை முடிச்சுப் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து நான்தான் பல்லால கடிச்சு அவிழ்த்தேன். அங்க யாரும் கழட்டலையே."

பூதக்கண்ணாடி சான்றிதழை எடுத்து ரேடியோவிடம் நீட்டினார். அவன் மூன்றாவது வரியைப் படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"ஷூவைத்தான் சுரண்டிப் பார்த்திருக்கார் அக்கா. ஷூ இயல்பா இருந்திருக்கு. அதுவரைக்கும் அவர் எழுதினது சரி."

சில்லுவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் பாதி விரிந்து நின்றது. பூதக்கண்ணாடியின் முகம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மாறியது.

"ரேடியோ, ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ணுவே?"

"நானா? எட்டுத் தெரு விளம்பரத்தை ஒரே மூச்சுல சொன்னவன் அக்கா நான்!" மார்பை நிமிர்த்தி, இழுத்து மூச்செடுத்து ஆரம்பித்தான். அறுபத்திரண்டில் கண் பிதுங்கி நிறுத்தினான். "இப்ப நீ சொல்லு பார்ப்போம், சில்லு. என்னை ஜெயிச்சுட்டா என் பேரை உனக்கே குடுத்துடறேன்."

சில்லு ஆசையோடு மூச்சை இழுத்தாள். இழுத்தது தொண்டையோடு நின்றதை ரேடியோவே பார்த்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு..." நின்றது. மறுபடி இழுத்தாள். "ஏழு."

"தெரியலையா கண்ணு?" என்றாள் அம்மா. "நூறு வரைக்கும் சொல்லுவாளே."

"எண்ணத் தெரியும்மா. காத்துதான் தீர்ந்துடுது."

ரேடியோவின் வாயில் தயாராக இருந்த அடுத்த வேடிக்கை அங்கேயே செத்தது. குமிழ் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூதக்கண்ணாடி எழுந்து டைரியை அப்பாவின் கிரீஸ் கையில் வைத்தார். பேச்சு வேகமாக வந்தது, குரல் உயரவில்லை.

"திங்கட்கிழமை பாதம். செவ்வாய் முட்டி. புதன் இடுப்பு. வியாழன் காலையில விரல். ஒவ்வொரு நாளும் ஒரு படி மேல ஏறியிருக்கு. நாலு பேர் நாலு நாள் கண்ணால பார்த்து எழுதியிருக்காங்க. எழுதத் தெரிஞ்சவங்க, படிக்கத்தான் தெரியலை. மைதானத்துல விழுந்தது வியாழன் மத்தியானம். இது ஆரம்பிச்சது திங்கட்கிழமை. விழுந்ததால கால் போகலைங்க. கால் போனதாலதான் விழுந்தா."

"அப்ப அந்த மாஸ்டர் தள்ளலையா?"

"தள்ளலை."

அப்பா அசையாமல் நின்றார். இரண்டு நாளாகச் சுமந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாத நிலை. "நீங்க ஸ்கூல் ஆளு. அவனைக் காப்பாத்தத்தான் இப்படிச் சொல்றீங்க. நாலு மணிக்கு..."

"நாலு மணிக்கு இவ மூச்சு விடுவாளான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? கால்ல ஏறி, கையில ஏறி, இப்ப குரல்ல நிக்குது. அதுக்கு அடுத்தது நெஞ்சு. உங்களுக்குக் குழந்தை வேணுமா, சாட்சி வேணுமா? ரெண்டும் சேர்ந்து கிடைக்காது."

அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். தலையணைகளை விலக்கினாள். தலை தொங்காமல் இடது கையைக் கழுத்துக்குக் கொடுத்துக் குழந்தையை அள்ளி எடுத்தாள்.

"நான் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க."

பதினொன்று நாற்பதுக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். காலில் ரப்பர் செருப்பு. சுவரில் ஒரு பட்டமும் இல்லை. சுவரிலே இடமும் இல்லை. குழந்தையைத் தூக்கி வந்த விதத்தைப் பார்த்தவுடனே காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

முட்டிக்குக் கீழே ரப்பர் சுத்தியால் தட்டினார். கால் சும்மா கிடந்தது. மறு கால், அதுவும் சும்மா. முழங்கை மடிப்பில் தட்டினார். கை அதுபாட்டுக்கு இருந்தது.

"நீங்க உட்காருங்க," என்று ரேடியோவைப் பெஞ்சில் உட்காரவைத்து அவன் முட்டியில் ஒன்று வைத்தார். கால் உதறி எதிரே இருந்த வாளியைத் தட்டியது. "பார்த்தீங்களா? நீங்க உதறணும்னு நினைக்கலை. வேண்டாம்னு நினைச்சாலும் உதறும். இதை நடிக்க முடியாது. உதறாம இருக்கறதையும் நடிக்க முடியாது. யார் நடிப்புன்னு சொன்னது?"

பூதக்கண்ணாடி சான்றிதழை நீட்டினார். டாக்டரம்மா படித்தார். பட்டங்களைப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இவரா? போன மாசம் எங்களுக்கு இதைப் பத்தித்தான் வகுப்பு எடுத்தார். பதினஞ்சு வயசுக்குள்ள எந்தக் குழந்தைக்குக் கை கால் திடீர்னு தொய்ஞ்சு போனாலும், காரணம் தெரியலைன்னாலும், அன்னிக்கே சுகாதாரத்துறைக்குத் தகவல் சொல்லணும், போலியோவான்னு பார்க்க மலப் பரிசோதனைக்கு அனுப்பணும்னு மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்." சான்றிதழைக் கருமாதிக் கடிதம்போல ஓரமாகப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மேசையைத் தட்டின கையால ஒரு முட்டியைத் தட்டியிருக்கலாம்."

கேள்விகள் சரசரவென்று வந்தன. காய்ச்சல் உண்டா? இல்லை. சமீபத்தில் ஊசி போட்டீர்களா? இல்லை. அதற்கு முன்னால் சளியோ வயிற்றுப்போக்கோ? அம்மா பதில் சொல்லும் முன்பே பூதக்கண்ணாடி டைரியின் மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"அப்படித்தான் இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "கிருமி போயிடும். அதை விரட்ட வந்த உடம்போட காவல்படை போகாம, சொந்த நரம்பையே அடிக்க ஆரம்பிச்சுடும். கீழேருந்து மேல ஏறும். இன்னும் சில சோதனை பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா அதுக்காகக் காத்திருக்க மாட்டேன்." பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்து, "தீவிர சிகிச்சைக்கு மாத்துங்க. மூச்சு மெஷின் கட்டில் பக்கத்துலயே இருக்கட்டும். மருந்தை இப்பவே ஏத்தறோம்," என்றார்.

"நல்லாயிடுவாளா?" என்று கேட்டாள் அம்மா.

"பெரும்பாலான பிள்ளைங்க நடந்து வீட்டுக்குப் போறாங்க. நாளாகும். மாசக்கணக்காகூட ஆகும். நடுவுல மெஷின் தேவைப்படலாம்; தேவைப்பட்டா இங்க கையெட்டற தூரத்துல இருக்கு. இதே சாயங்காலம் வீட்டுல தேவைப்பட்டிருந்தா?" வாக்கியத்தை முடிக்காமல் உள்ளே ஓடினார்.

ஒன்றரை மணிக்குத் தாளாளரின் போன் வந்தது. பூதக்கண்ணாடி ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்னம்மா, நிரூபணம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. உங்க மாஸ்டர் தள்ளலை. குழந்தை நடிக்கவும் இல்லை. நரம்பு நோய். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு."

"அப்ப எங்க ஸ்கூல் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சில்ல? ரொம்ப சந்தோஷம்!"

"நாலு மணிக்கு நானே வர்றேன். டைரியையும் டாக்டர் சான்றிதழையும் அதிகாரிகிட்ட என் கையால குடுக்கறேன். அப்புறம் உங்க சந்தோஷம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்ப்போம்."

மறுமுனை இருமியது. "அந்தச் சான்றிதழ் எதுக்கும்மா? டாக்டர்கிட்டக் குடுத்தா வேற எழுதித் தருவார்..."

பூதக்கண்ணாடி இணைப்பைத் துண்டித்தார். ரேடியோ போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எந்த ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை கேக்கலை."

"இப்ப எப்படி இருக்கான்னும் கேக்கலை. கேப்பார்னு நினைச்சியா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சில்லு. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மெஷின் விளக்கெரிந்து காத்திருந்தது. அம்மா தலைமாட்டில் நின்றாள். அப்பா மட்டும் இன்னும் வெளியே, சுவரில் சாய்ந்து, முஷ்டியை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அந்த டாக்டரை நான் சும்மா விடமாட்டேன். கிளினிக்குக்குப் போய்..."

"போகலாம். அந்த ஆள் எங்கயும் ஓடிட மாட்டார், அவருக்கு அவ்வளவு வெட்கம் கிடையாது," என்றார் பூதக்கண்ணாடி. "இப்ப உள்ள போங்க."

"உள்ள போய் நான் என்னங்க பண்ணப்போறேன்? எனக்கு என்ன தெரியும்? நானே ரெண்டு தடவை திட்டினேன். எழுந்திருடி, அடம் பிடிக்காதேன்னு. புதன்கிழமை ஒண்ணு வச்சேன்கூட."

வழக்கமாக இந்த இடத்தில் பூதக்கண்ணாடியின் நாக்கில் ஒரு ஊசி இருக்கும். ரேடியோ காத்திருந்தான். ஊசி வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நேத்து சாயங்காலம் தாளாளர் போன்ல சொன்னப்ப, நானும் நடிப்புன்னுதான் நினைச்சேன். ஒத்துக்கிட்டுத்தான் காலையில ஸ்கூலுக்குப் போனேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நோய் அவ கை காலைத்தான் தொட்டிருக்கு. காதைத் தொடலை. இந்த ஒரு வாரமா நாம ஒவ்வொருத்தரும் சொன்னது மொத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கு. போய் வேற ஏதாவது சொல்லுங்க."

அப்பா முஷ்டியைத் திறந்தார். குழாயடியில் நின்று கிரீஸ் போகும்வரை, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டு, மகளின் காதருகே குனிந்தார்.

என்ன சொன்னார் என்பது கண்ணாடிக்கு வெளியே கேட்கவில்லை. நெடுநேரம் சொன்னார்.